படச் சட்டத்தின் மூலை வாய்பிளக்காமல் இருக்க

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில், பட்டாசல் எனப்படும் கூடத்தின் சுவர்களில் கைக்கு எட்டாத உயரத்தில், சற்றே முன்புறம் சாய்ந்தபடி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். தாத்தாவும் ஆச்சியும் விறைப்பாக அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், ராமர் பட்டாபிஷேகம், திருச்செந்தூர் முருகன் என்று அந்த வரிசை வீட்டுக்கு வீடு சிறிதே மாறும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அவற்றை இறக்கும்போது மரச் சட்டத்தின் மூலைகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு கட்டைகளும் சேரும் சாய்கோட்டின் உள்முனையில், அதாவது கண்ணாடியை ஒட்டிய பக்கத்தில், மெல்லிய பிளவு ஒன்று விழுந்திருக்கும். வெளிமுனை ஒட்டியபடியே இருக்க, உள்முனை மட்டும் திறந்திருப்பது தற்செயல் அல்ல. அதன் காரணம் தெரிந்துவிட்டால், வீட்டில் சட்டம் செய்யும்போது எதில் நேரத்தைச் செலவிட வேண்டும், எதில் செலவிட வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் நான் சட்டம் செய்து பழகியதற்குக் காரணம் பழைய நாட்காட்டிப் படங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்தவையும், அவரது வழியில் வந்தவர்கள் வரைந்தவையுமாகிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களிலிருந்து எத்தனையோ அளவுகளில் வெளிவந்திருக்கின்றன. நாட்காட்டியின் தேதித்தாள் பகுதியைக் கத்தரித்துவிட்டால் எஞ்சும் படம், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் எந்தச் சட்டத்துக்கும் பொருந்தாது. கடையில் சொல்லிச் செய்யலாம்; ஆனால் இப்போது பல கடைகளில் கிடைப்பவை மரம்போல் தோன்றும் சிந்தெடிக் பீடிங்குகளே. அவற்றில் எனக்கு விருப்பமில்லை. மரத்தில்தான் வேண்டும் என்றால் நாமே இறங்குவது எளிது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலையை ஒட்டுவது பசை என்று நினைத்து, எந்தப் பசை நல்லது, எந்தக் கிளாம்ப் நல்லது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். மரம் காய்ந்த அளவு, எதிரெதிர்க் கட்டைகளின் நீளம், இரண்டு வெட்டுகளும் சேர்ந்து தரும் கோணம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், சாதாரண ஃபெவிகாலும் கிழித்த சைக்கிள் டியூபும் போதும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், இறுக்கி முறுக்கி ஒட்டிய மூலை ஓராண்டுக்குள் தன் குணத்தைக் காட்டிவிடும்.

மரம் நீளவாக்கில் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதல்ல. அகலவாக்கில்தான் அது ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்து சுருங்கும். சாய்வாக வெட்டிய முனையில் இதன் விளைவு விசித்திரமானது. கட்டையின் அகலம் குறைகிறது, ஆனால் சாய்வெட்டின் நீளவாக்கு அளவு குறைவதில்லை. ஆகவே 45 பாகையாக இருந்த கூர்முனை 45-க்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. இரண்டு கட்டைகளிலும் இப்படி நேர்ந்தால், வெளிமுனைகள் தொட்டுக்கொண்டிருக்க, உள்முனை பிரிகிறது. மரம் ஈரத்தில் பருத்தால் இதற்கு நேர்மாறாக வெளிமுனை பிரியும். நம் பட்டாசல் படங்களில் உள்முனை திறந்திருப்பதன் பொருள், அந்தச் சட்டம் செய்யப்பட்டபோது மரம் போதுமான அளவு காய்ந்திருக்கவில்லை என்பதே.

நம் ஊரின் பருவங்கள் இந்தச் சோதனையைக் கடுமையாக நடத்துகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கதவு நிலையில் கதவே இறுகிக்கொள்கிறது. சித்திரை, வைகாசி வெயிலிலும், அதைத் தொடர்ந்து மேற்குக் கணவாய்களின் வழியே ஆடி வரை ஓயாமல் வீசும் காற்றிலும் அதே கதவு கலகலத்துப் போகிறது. அதே ஆடியில் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் விழுந்துகொண்டிருக்கும் என்பதால், இங்கே செய்த சட்டத்தை அங்குள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினால் அதன் மூலை வேறு விதமாக நடந்துகொள்ளும். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர், நான் மரம் வாங்கிச் சென்ற அன்றே அறுக்க உட்கார்ந்ததைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி அவசரம்? மரம் உங்க வீட்டுக் காத்துக்குப் பழக வேண்டாமா? காயாத மரத்துல மூலை கூடாதுல்லா" என்றார். அதன் பின்னர் இழைத்த ரீப்பர்களை, எந்த அறையில் படம் மாட்டப்படுமோ அந்த அறையிலேயே சில வாரங்கள் சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறேன். மழையின் ஈரமும் கோடையின் வறட்சியும் இல்லாத மாசி, பங்குனி மாதங்களே மூலை சேர்ப்பதற்கு ஏற்றவை என்பது என் கணிப்பு. இருபுறமும் ஏற்படும் அசைவு அப்போது பாதியாகப் பங்கிடப்படுகிறது.

மரத்தைப் பொறுத்தவரை, இடித்த வீடுகளின் பழைய சன்னல் சட்டங்களிலிருந்து அறுத்தெடுத்த தேக்குக்கு ஈடில்லை. அது பல பத்தாண்டுகளாக நம் காற்றில் ஆடி அடங்கிய மரம். பழைய மரக்கடையில் வாங்கும்போது ஆணி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் ரம்பத்தின் பல் போய்விடும். புதிய மரமாயின் வேம்பும் பூவரசும் உண்டு. அவை நன்கு காய்ந்திருந்தால் குறையொன்றும் இல்லை. எந்த மரமானாலும், வீட்டில் செய்பவர்கள் அகலமான சட்டத்தை ஆசைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். அகலம் நூற்றில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் கட்டையில் அது கால் மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் கட்டையில் முக்கால் மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் கண்ணுக்குத் தப்பிவிடும், முக்கால் தப்பாது.

நீளத்தைக் கணக்கிடும்போது குழப்பம் வருவது காடி என்னும் பள்ளத்தினால்தான். கண்ணாடியும் படமும் உட்காருவதற்காகக் கட்டையின் பின்புற உள்விளிம்பில் எடுக்கும் காடி 6 மில்லிமீட்டர் அகலம் என்றால், 25 மில்லிமீட்டர் கட்டையில் காடியைத் தாண்டி எஞ்சுவது 19. படத்தின் அளவு 10-க்கு 12 அங்குலம், அதாவது 254-க்கு 305 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கண்ணாடி நெருக்கிக்கொள்ளாமல் இருக்க 3 மில்லிமீட்டர் இடம் விட்டு, இருபுறமும் 19 கூட்டினால், வெளிமுனைக்கு வெளிமுனை 295-ம் 346-ம் வரும். இதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் படத்துக்குக் கேடில்லை. ஆனால் எதிரெதிரான இரண்டு கட்டைகளும் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடும் இல்லாமல் இருக்க வேண்டும். 295 என்பது 296 ஆகலாம், இரண்டுமே 296 ஆக இருக்க வேண்டும் என்பதே விதி. இதற்கு அளவுகோலை நம்பாமல், ரம்பம் ஓடும் பலகையில் ஒரு சிறு கட்டையைத் தடையாக ஆணியடித்து, அதில் முனையை முட்டவைத்து இரண்டையும் அறுப்பதே நல்லது. அறுத்த பின் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, முனைகளின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு விரலுக்குத் தட்டுப்படும்.

இனி கோணம். சாய்வாக அறுக்க ரம்பத்துக்கு வழிகாட்டும் மைட்டர் பாக்ஸ் வன்பொருள் கடைகளில் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் அது சில நாட்களிலேயே தேய்ந்து, ரம்பம் ஓடும் பிளவு அகன்று, வெட்டு ஆடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிசகினால், நான்கு மூலைக்கும் உரிய எட்டு வெட்டுகளிலும் சேர்த்து நான்கு பாகையாகிவிடும். மூன்று மூலைகளை அழகாகச் சேர்த்தவர்கள் நான்காவது மூலையில் திகைப்பது இதனால்தான். அந்த மூலைக்கென்று தனிப் பிழை எதுவும் இல்லை, மற்றவற்றின் பிழையெல்லாம் அங்கே வந்து குடியேறியிருக்கிறது.

ஆகவே மைட்டர் பாக்ஸை ஏறக்குறைய வெட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தி, முனையை இழைப்புளியால் சீவி முடிப்பதே முறை. அதற்கு இழைக்கும் பலகை ஒன்று வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம். இரண்டடி நீளமுள்ள தடித்த பிளைவுட்டின் மேல், அகலம் குறைந்த மற்றொரு பிளைவுட்டை ஒட்டினால் முன்புறம் ஒரு படி கிடைக்கும். அந்தப் படியில் இழைப்புளி பக்கவாட்டில் படுத்தபடி ஓடும். மேற்பலகையின் நடுவில், செங்கோண முனை இழைப்புளியை நோக்கி இருக்கும்படி ஒரு முக்கோணக் கட்டையைத் திருகாணியால் பொருத்த வேண்டும். சட்டக் கட்டையின் முகம் மேலே பார்க்க, வெளிவிளிம்பு முக்கோணத்தில் படிய வைத்துச் சீவினால், இடப்பக்கத்தில் ஒரு முனையும் வலப்பக்கத்தில் மறுமுனையும் அமையும். இழைப்புளி எப்போதும் முக்கோணத்தை நோக்கியே ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் கூர்முனை சிராயாகப் பெயர்ந்துவிடும்.

இந்தப் பலகையின் அருமை, அதில் 45 பாகையை அளக்க வேண்டிய தேவையே இல்லை என்பதில் இருக்கிறது. முக்கோணத்தின் முன்முனை சரியான செங்கோணமாக இருந்தால் போதும். அதைப் பொருத்தும்போது சற்றே திரும்பிவிட்டது, இடப்பக்கம் 45-ஐவிடக் கால் பாகை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் அதே கால் பாகை தானாகக் குறைந்துவிடும். சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கட்டையின் இடமுனையும் அடுத்த கட்டையின் வலமுனையுமே சேர்வதால், இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 90 ஆகவே இருக்கும். திருப்பம் மிகுந்தால் இரண்டு சாய்முகங்களின் நீளமும் மாறி, பூவேலைக் கோடுகள் ஒன்றோடொன்று இசையாமல் போகும் என்பது உண்மைதான். கால் பாகைக்கு அது தெரியாது. செங்கோணத்தைச் சோதிப்பதற்கும் விலையுயர்ந்த மூலைமட்டம் தேவையில்லை. நேர்விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டு, அதைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

நான்கு கட்டைகளும் சீவி முடிந்ததும், பசையில்லாமல் அவற்றைச் சமையலறையின் கடப்பைக் கல் மேடையில் அடுக்கிப் பார்க்கிறேன். வீட்டிலேயே மிகச் சமமான தளம் அதுதான். வீட்டில் உள்ளவர்கள் அடுப்பை மூட்டும் நேரமாகப் பார்த்து இதைச் செய்யாதிருப்பது நல்லது. கையால் மட்டும் மெல்ல நெருக்கிப் பிடித்து, மூலைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே இன்னும் ஓர் இழை சீவ வேண்டும். கையின் நெருக்கத்துக்கு மூடாத இடைவெளியைக் கிளாம்பின் நெருக்கத்தால் மூடலாம் என்று எண்ணக் கூடாது. மூடும், கிளாம்பை எடுத்த பிறகும் அந்த இழுவிசை மூலைக்குள்ளேயே தங்கியிருந்து, முதல் கோடையிலேயே பசையைப் பிரித்துவிடும்.

பசைக்கு வருவோம். முன்பு ஆசாரிகள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையான வச்சிரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கிப் பயன்படுத்தினார்கள். சூடாகப் பூசியதும் ஆறும்போதே பிடித்துக்கொள்ளும் அதன் வேகம் மூலைக்கு ஏற்றது. ஈரமும் பூச்சியும் அதற்கு ஆகாதவை. இப்போது வெள்ளைப் பசைதான் எல்லோரிடமும் இருக்கிறது. சாய்வெட்டில் பாதிக்குப் பாதி மரத்தின் இழைநுனிகள் வெளியே திறந்திருக்கின்றன. அந்த நுண்துளைகள் பசையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், இணைப்பில் பசையே எஞ்சாமல் போய்விடுகிறது. எனவே, முதலில் சிறிது தண்ணீர் கலந்து இளக்கிய பசையை எட்டு முகங்களிலும் மெல்லப் பூசி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, அது மங்கியதும் கெட்டிப் பசையை மறுபடி பூச வேண்டும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால், அதற்கு முன்பாகத் தின்னர் நனைத்த துணியால் முனைகளைத் துடைத்துவிட்டால் பிடிமானம் கூடும். சயனோ வகை உடனொட்டிப் பசைகள் காய்ந்ததும் நொறுங்கும் தன்மை உடையவை. ஒரு தட்டில் விட்டுவிடும் என்பதால் சட்டத்துக்கு நான் அவற்றைத் தொடுவதில்லை.

இறுக்குவதற்குக் கடையில் விற்கும் மூலைக் கிளாம்புகளைவிட, நான்கு மூலைகளையும் ஒரே நேரத்தில் சுற்றி நெருக்கும் முறையே மேலானது. ஒரு மூலையை இறுக்கும்போது மற்றொன்று விலகாது. சிறிய சட்டமானால் பார்சல் டேப் போதும். கட்டைகளை வெளிவிளிம்பு மேலாக, முனை முனையைத் தொட, ஒரே நேர்கோட்டில் அடுக்கி, முனைகளின் மேல் டேப்பை இழுத்து ஒட்டி, முழுவதையும் புரட்டினால் முனைகளுக்கிடையே வாய் திறந்திருக்கும். அதில் பசை பூசி, மடித்து, கடைசி மூலையையும் டேப்பால் இழுத்து ஒட்டிவிடலாம். பெரிய சட்டத்துக்கு, உள்மூலை வெட்டிய நான்கு சிறு கட்டைகளை மூலைகளில் வைத்து, நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். அந்தச் சிறு கட்டைகளின் உள்மூலையில் ஒரு துளை இட்டுவிட்டால், பிதுங்கும் பசை அங்கே ஒட்டாது. சட்டத்தின் கூர்முனையும் நசுங்காது. சைக்கிள் டியூபை விரலகல நாடாவாகக் கிழித்துக் கயிற்றுக்குப் பதிலாகச் சுற்றினால் இழுவை சீராக இருக்கும். பஞ்சர் கடையில் கேட்டால் பழைய டியூபைச் சும்மாவே தருவார்கள்.

முறுக்கி முடித்த உடனே செய்ய வேண்டியது, இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது. இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் செவ்வகம். இல்லாவிட்டால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கையால் மெல்ல நெருக்கிச் சமப்படுத்த வேண்டும். பசை இளகியிருக்கும் சில நிமிடங்களே இதற்கு வாய்ப்பு. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இழைகளில் தங்கிவிட்ட பசைக்கு மேல் சாயம் ஏறாது, வார்னிஷ் பூசிய பிறகு அந்த இடம் வெளிறித் தெரியும். பிறகு ஒருநாள் முழுவதும் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பசை மட்டும் போதுமா என்றால், புத்தகப் பக்கம் அளவுள்ள படத்துக்குப் போதும். கண்ணாடியின் எடை நாம் நினைப்பதைவிட அதிகம். 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. 18-க்கு 24 அங்குலப் படத்துக்கு அது 1.4 கிலோ. அந்த எடையைக் கீழ்க்கட்டையும் அதன் இரண்டு மூலைகளுமே தாங்குகின்றன. அக்ரிலிக் தகடு அதில் பாதி எடைதான் என்றாலும், எளிதில் கீறல் விழும்.

மூலைக்கு வலுவூட்டக் கடைக்காரர்கள் பின்புறமிருந்து வளைவான தகட்டாணியை இயந்திரத்தால் அழுத்துகிறார்கள். வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தலை சிறுத்த ஓரங்குல ஆணி. அதற்கு முன்துளை இடாமல் அடித்தால் கூர்முனை பிளந்துவிடும். அதே ஆணி ஒன்றின் தலையை வெட்டிவிட்டு டிரில்லில் பொருத்தினால், மிகச் சரியான அளவில் துளை கிடைக்கும். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. பசை காய்ந்த பிறகு, வெளிமூலையில் குறுக்காக ரம்பத்தால் ஒரு வெட்டு வெட்டி, அதற்குள் வேறு மரத்தின் மெல்லிய சிம்பைப் பசையிட்டுச் செருகுவது. சிம்பின் இழை ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு ஓடும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் அது மூலையைத் தைத்த தையல் போல இரண்டையும் பிடித்துக்கொள்ளும். தடிமன் ரம்பம் வெட்டிய வாய்க்குச் சரியாக, விரலால் தள்ளினால் நுழையும் அளவில் இருக்கட்டும். சுத்தியலால் அடிக்க நேர்ந்தால், செருகும் பொருளே மூலையைப் பிரித்துவிடும். தேக்குச் சட்டத்தில் ஈட்டி மரச் சிம்பு கறுத்த கோடாக நன்றாகத் தெரியும். பழைய பனங்கையிலிருந்து சீவிய சிம்பையும் முயன்றதுண்டு. நம் சீமைக்குப் பொருத்தமான அழகுதான். ஆனால் மெல்லியதாகச் சீவினால் பனையின் நார் நாராகப் பிரிந்து வருவதால், பொறுமையுள்ளவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

இத்தனைக்கும் பிறகு வெளிமுனையில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தால், பட்டி வைத்து அடைப்பதற்கு முன்னால், ஒரு திருப்புளியின் வழவழப்பான தண்டால் கூர்முனையின் இருபுறமும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மர இழைகள் மடிந்து கோட்டை மூடிக்கொள்ளும். அதற்கு மேலும் தெரியும் பிளவுக்கு, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். அதன் நிறம் சற்றுக் கறுக்கும்.

மாட்டும் வளையத்தை மேற்கட்டையின் நடுவில் அடிப்பது வழக்கம். அப்படி மாட்டினால் மொத்த எடையும் மேற்கட்டையைப் பக்கக் கட்டைகளிலிருந்து பிரித்து மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கக் கட்டைகள் இரண்டிலும், மேலிருந்து மூன்றிலொரு பங்கு இறங்கிய இடத்தில் வளையங்களைத் திருகி, இடையே கம்பி கட்டினால், மேல்மூலைகள் அந்த இழுவிசையிலிருந்து தப்பிக்கின்றன. படமும் பட்டாசல் படங்களைப் போலவே சற்று முன்சாய்ந்து நிற்கும். பின்பக்கத்து ஹார்ட்போர்டின் ஓரங்களைக் காகித நாடாவால் முழுவதும் ஒட்டி மூடிவிட்டால் இராமபாணப் பூச்சியும் எளிதில் உள்ளே நுழையாது. மழை நனையும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டுவதாயின், சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்புறமாக ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டி, சுவருக்கும் மரத்துக்கும் இடையே காற்றோட வழி விடுங்கள்.